கண்ணாடி அடுப்புக்குப் புதுசா? முதல்ல பாத்திரத்தைக் கவுத்துப் பாருங்க

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம். வாடகை வீட்டு கிச்சன்ல அடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, கறுப்பா மொழுமொழுன்னு ஒரு கண்ணாடிப் பலகை, மேல நாலு வட்டம் கோடு போட்டிருக்கும் அவ்வளவுதான், பர்னர் கிடையாது, பாத்திரம் வைக்கற கம்பி கிடையாது, நெருப்பு கிடையாது. ஊர்ல இருந்து துணிக்குள்ள சுத்திக் கொண்டு வந்த இரும்பு வாணலிய நடு வட்டத்துல வச்சு, சூட்டோட கடைசி நம்பரான ஒன்பதுக்குத் திருப்பி, எண்ணெய் ஊத்தி கடுகு போட்டேன். பத்து நிமிஷம் ஆச்சு. நடுவுல இருந்த ஏழெட்டு கடுகு கருகிப்போச்சு, ஓரத்துல இருந்த கடுகு அப்படியே பச்சையா உக்காந்திருக்கு. அடுப்புல ஏதோ ரிப்பேர்னுதான் நெனச்சேன். அடுப்பு நல்லாதான் இருந்துச்சு, அந்த அடுப்புக்கும் என் வாணலிக்கும்தான் ஒத்து வரல. அது ஏன்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்னுதான் இத எழுதறேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடலாம். கறுப்புக் கண்ணாடி போட்ட அடுப்பெல்லாம் இண்டக்ஷன் கிடையாது. மேல பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஏன்னா ரெண்டுக்கும் அதே கண்ணாடியத்தான் போடறாங்க, உள்ள இருக்கறதுதான் வேற. இண்டக்ஷன்ல கண்ணாடிக்கு அடியில செம்புக்கம்பிச் சுருள் இருக்கும், அது காந்தப்புலத்த உண்டாக்கி பாத்திரத்தோட அடியவே சூடாக்கும், அதனால காந்தம் ஒட்டற பாத்திரம்தான் அதுல வேலை செய்யும். நான் சொல்லப்போறது செராமிக் அடுப்பு, அதாவது கண்ணாடிக்கு அடியில மின்சாரக் கம்பி பழுக்கக் காய்ஞ்சு அந்தச் சூடு மேல வர்ற வகை. உங்க வீட்டுல இருக்கறது எதுன்னு தெரியலன்னா பாத்திரமே வைக்காம ஒரு வட்டத்த ஆன் பண்ணுங்க. கொஞ்ச நேரத்துல சிவப்பா ஒளி தெரிஞ்சா செராமிக். ஒளியே வராம டிஸ்பிளேல ஏதோ குறி மினுக்கிட்டு சும்மா இருந்தா இண்டக்ஷன். நம்ம ஊர்ல இப்ப இன்ஃப்ராரெட் ஸ்டவ்னு மேசை மேல வைக்கற மாதிரி விக்கறாங்க இல்லையா, அதுவும் இதே செராமிக் குடும்பம்தான், இங்க சொல்ற விஷயம் முக்காவாசி அதுக்கும் பொருந்தும்.

இப்ப கண்ணாடிக்கு அடியில என்ன நடக்குதுன்னு பார்ப்போம். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழ வெப்பம் தாங்கற ஒரு தட்டு, அதுல பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற ரிப்பன் மாதிரி உலோகக் கம்பி. கரண்ட் போனதும் அது சிவக்கும். அந்தச் சூடு ரெண்டு வழியில மேல வருது, ஒரு பங்கு கண்கூடா தெரியற அந்த ஒளியோட சேர்ந்து அகச்சிவப்புக் கதிரா கண்ணாடிய ஊடுருவி நேரா பாத்திரத்து அடிய தாக்குது, இன்னொரு பங்கு கண்ணாடியவே சூடாக்கி, அந்தக் கண்ணாடி தொட்டுக்கிட்டிருக்கற பாத்திரத்துக்கு சூட்ட கொடுக்குது. இந்த ரெண்டாவது வழிய மனசுல வச்சுக்கோங்க, "தொட்டுக்கிட்டிருக்கற"ங்கற வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு.

அந்தக் கண்ணாடியும் சாதாரண ஜன்னல் கண்ணாடி இல்ல. 1950-களோட தொடக்கத்துல அமெரிக்காவுல கார்னிங் கம்பெனியில டொனால்ட் ஸ்டூக்கின்னு ஒரு விஞ்ஞானி, ஒரு கண்ணாடித் துண்ட 600 டிகிரில சூடு பண்ண அடுப்புல வச்சிருக்காரு, அடுப்பு கோளாறாகி 900 டிகிரிக்கு ஏறிடுச்சு. கண்ணாடி உருகி அடுப்பே நாசமாயிருக்கும்னு நெனச்சுத் திறந்தா, உருகாம வெள்ளையா கெட்டியா ஒரு பலகை. இடுக்கியில எடுக்கும்போது அது நழுவித் தரையில விழுந்து, உடையாம இரும்பு மாதிரி சத்தம் போட்டுச்சாம். கண்ணாடிக்குள்ள நுண்ணிய படிகங்கள் வளர்ந்துட்டதுதான் காரணம். கண்ணாடி செராமிக்னு பேர் வந்தது அதனாலதான். அப்புறம் 1971-ல ஜெர்மனியில மைன்ஸ் நகரத்துல இருக்கற ஷாட் கம்பெனி செரான்ங்கற பேர்ல சமையல் அடுப்புக்குன்னே இந்தப் பலகைய கொண்டு வந்தாங்க, இங்க இன்னைக்கும் எந்தக் கம்பெனி அடுப்பா இருந்தாலும் ஜனங்க செரான்ஃபெல்டுன்னுதான் சொல்லுவாங்க, நம்ம ஊர்ல ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி.

இதோட விசேஷம் என்னன்னா சூடானா விரியாது. ஜன்னல் கண்ணாடி ஒரு மீட்டர் நீளத் துண்ட 100 டிகிரி சூடு பண்ணா கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும், அதனாலதான் சூடான கண்ணாடி டம்ளர்ல பச்சத்தண்ணி ஊத்தினா ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் சுருங்காம படார்னு உடையுது. அடுப்புக் கண்ணாடி நீளறது கிட்டத்தட்ட இல்லவே இல்லங்கற அளவுக்குக் கம்மி, அதனால நடுவுல 500 டிகிரி, ஒரு சாண் தள்ளி கை வைக்கற அளவு சூடு, மேல குளிர்ந்த தண்ணி கொட்டிடுச்சு, எல்லாத்தையும் தாங்கும். பொதுவா 4 மில்லிமீட்டர்தான் தடிமன். சூட்டுக்குப் பயப்படாது, ஆனா அடிக்குப் பயப்படும்: மேல ஷெல்ஃப்ல இருந்து உப்பு ஜாடி விழுந்தாலே விரிசல் விடும். அதனால அடுப்புக்கு நேர் மேல கனமான சாமான் எதையும் அடுக்காதீங்க. விரிசல் விட்டா அந்த நிமிஷமே ஆஃப் பண்ணி, மெயின் ஃபியூஸையும் இறக்கிடணும், அந்த இடுக்கு வழியா தண்ணி உள்ள போனா கரண்ட் அடிக்கும்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். கேஸ் அடுப்புல தீ பாத்திரத்தைத் தேடி வரும். பாத்திரம் குண்டா இருந்தாலும் சப்பையா இருந்தாலும் அடி நெளிஞ்சிருந்தாலும் தீ நாக்கு நீட்டி எல்லாப் பக்கமும் தடவிக்கொடுக்கும். கண்ணாடி அடுப்புல அந்தச் சூடு தேடி வராது, பாத்திரம்தான் கண்ணாடியத் தேடிப் போய் ஒட்டணும். நடுவுல கொஞ்சம் காத்து புகுந்துட்டா போச்சு. காத்து சூட்ட கடத்தறதுல ரொம்ப மட்டம், இந்தக் கண்ணாடியே சூட்ட சுமாராதான் கடத்தும், காத்து அதவிட ஒரு அறுபது மடங்கு மோசம். கதிரா வர்ற சூடு காத்தத் தாண்டி வரும்தான், அதனால நெளிஞ்ச பாத்திரத்துலயும் சமையல் ஆகத்தான் செய்யும், ஆனா லேட்டா ஆகும், கரண்ட் வீணாகும், தொட்ட இடத்துல கருகி தொடாத இடத்துல வேகாம கிடக்கும். என் வாணலியோட அடி உருண்டை, கண்ணாடிய தொட்ட இடம் ஒரு எட்டணா அகலம்தான் இருக்கும். அந்த எட்டணா மேல இருந்த கடுகுதான் கருகுச்சு.

இந்த அடுப்பே நமக்கு ஒரு சிக்னல் கொடுக்கும், நிறைய பேர் அத ரிப்பேர்னு நெனச்சுக்கறாங்க. சிவப்பு ஒளி வந்து வந்து அணையும். மூணுல நாலுல வச்சிருக்கும்போது அணைஞ்சு எரிஞ்சா அது சாதாரணம், ஏன்னா இந்த அடுப்புல சின்னத் தீ பெரிய தீன்னு கிடையாது, கம்பி எரிஞ்சா முழுசா எரியும், நம்பர குறைச்சா எரியற நேரத்த குறைச்சு அணைஞ்சிருக்கற நேரத்த கூட்டும், அவ்வளவுதான். ஆனா ஒன்பதுல வச்சு, மேல தண்ணியோட பாத்திரம் இருக்கும்போதே ஒளி அடிக்கடி அணையுதுன்னா கவனிங்க. கண்ணாடி ரொம்ப சூடாகி வீணாகிடக் கூடாதுன்னு கம்பிக்கு மேல ஒரு பாதுகாப்புக் குச்சி போட்டிருப்பாங்க, கண்ணாடி அளவு மீறிச் சூடானா அது கரண்ட துண்டிச்சிடும். பாத்திரம் சூட்ட ஒழுங்கா உறிஞ்சிக்கிட்டா கண்ணாடி அவ்வளவு சூடாகாது. உறிஞ்சலன்னா சூடு கண்ணாடியிலயே தேங்கும், குச்சி துண்டிக்கும், கம்பி ஆறும், மறுபடி எரியும். அதாவது ஒன்பதுலயும் அடிக்கடி விட்டு விட்டு எரிஞ்சா பெரும்பாலும் உங்க பாத்திரத்து அடி கண்ணாடிய ஒட்டலன்னு அர்த்தம். எனக்கு இத யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தா வீட்டுக்காரருக்கு போன் பண்ணி எலக்ட்ரீஷியன வரச்சொல்லியிருக்க மாட்டேன்.

அடி சமமா இருக்கான்னு பார்க்க, பள்ளிக்கூட ஸ்கேல் ஒண்ணு போதும். பாத்திரத்தைக் கவுத்து, ஆறின பிறகு, அடியில குறுக்கா ஸ்கேல நிமித்தி வச்சு கண்ணு மட்டத்துல இருந்து பாருங்க, அப்புறம் ஸ்கேல திருப்பி இன்னொரு குறுக்குல வச்சும் பாருங்க. நடுவுல பேப்பர் நுழையற மாதிரி துளியூண்டு குழிவு தெரிஞ்சா அது நல்லது, நல்ல பாத்திரம் பண்றவங்க வேணும்னே அப்படித்தான் பண்றாங்க, ஏன்னா சூடானா உலோகம் விரிஞ்சு அந்தக் குழிவு நிமிந்து சமமாயிடும். வெளிப்பக்கமா பிதுங்கி இருந்தா மட்டும் அத எடுக்காதீங்க. அது சூடானா இன்னும் பிதுங்கும், கண்ணாடி மேல பம்பரம் மாதிரி சுத்தும், தோசை திருப்பும்போது கல்லே நகர்ந்து ஓடும். பிதுங்கலுக்கு சுலபமான பரிசோதனை: காலி பாத்திரத்த அடுப்பு மேல வச்சு ஓரத்த ஒரு தட்டு தட்டுங்க, சுத்தினா வேணாம். நான் கடையில பாத்திரம் வாங்கும்போது இன்னைக்கும் பையில ஒரு பதினஞ்சு சென்டிமீட்டர் ஸ்கேல் வச்சிருப்பேன், யார் பார்த்தாலும் கவலையில்ல, ஒரு தடவ பாத்திரம் வாங்கினா பத்து வருஷம் அதுலதான சமைக்கப்போறோம்.

அளவும் முக்கியம். இங்க சாதாரணமா சின்ன வட்டம் 14.5 சென்டிமீட்டர், நடுத்தரம் 18, பெருசு 21, அதுக்குத் தகுந்த மாதிரி 1200 வாட், 1800 வாட், பெருசு 2000-க்கு மேல. பாத்திரத்து அடி வட்டத்துக்குச் சமமா இருக்கணும், ஒரு ரெண்டு சென்டிமீட்டர் பெருசா இருந்தா பரவால்ல. பாத்திரம் வாங்கும்போது அட்டையில போட்டிருக்கற அளவு பெரும்பாலும் வாய் அளவு, அடி அளவு இல்ல, 24-னு போட்டிருக்கற வாணலிக்கு அடி 18 தான் இருக்கும், அதனால கவுத்து அடியத்தான் அளக்கணும். டபராவ பெரிய வட்டத்துல வச்சா சுத்தி இருக்கற சூடெல்லாம் காத்துக்குப் போகும், அதோட கைப்பிடியும் வெந்துடும்.

இப்ப எந்த உலோகம். நம்ம வீட்டு எவர்சில்வர் பாத்திரம் ஒத்தத் தகடு, அதுல பால் காய்ச்சினா அடி பிடிக்கும், பருப்பு வச்சா கம்பி எரியற வடிவத்துலயே வட்டமா கறை விழும். காரணம் எவர்சில்வர் சூட்ட பக்கவாட்டுல பரப்பாது. அலுமினியம் எவர்சில்வரைவிட ஒரு பதினஞ்சு மடங்கு நல்லா சூட்ட கடத்தும், செம்பு அதவிடவும் மேல. அதனால நல்ல பாத்திரத்துல ரெண்டையும் சேர்த்துடறாங்க, உள்ளயும் வெளியவும் எவர்சில்வர், நடுவுல தடியா அலுமினியத் தகடு, சாண்ட்விச் பாட்டம்னு சொல்லுவாங்க. கவுத்துப் பார்த்தா அடியில தடியா ஒரு பில்லை ஒட்டின மாதிரி தெரியும், விரலால தட்டினா கிணுங்காம பொத்துன்னு சத்தம் வரும். செராமிக் அடுப்புக்கு இதுதான் முதல் சாய்ஸ், ஒரே ஒரு பாத்திரம்தான் வாங்க முடியும்னா 18 சென்டிமீட்டர் அடி இருக்கற சாண்ட்விச் பாட்டம் பாத்திரம் ஒண்ணு வாங்குங்க, சாம்பார்ல இருந்து பாயசம் வரைக்கும் ஓடும்.

வெறும் அலுமினியம் சூட்டுக்கு நல்லதுதான், ஆனா கண்ணாடி மேல நகர்த்தினா வெள்ளிக்கோடு கோடா இழுத்து வச்சிடும். அது கீறல் இல்ல, அலுமினியமே உரசி ஒட்டினது, தேய்ச்சா போகும், ஆனா போட்டுட்டு மறுபடி சூடு பண்ணிட்டே இருந்தா நிரந்தரமா படிஞ்சிடும். காலி அலுமினியப் பாத்திரத்த அடுப்புல மறந்துட்டு போயிடாதீங்க, கண்ணாடிச் சூட்டுல அது உருகற நெலமைக்கு இளகி ஒட்டிக்கும். அலுமினிய ஃபாயில் பக்கமே வேண்டாம். எனாமல் பாத்திரமும் அப்படித்தான், தண்ணி வத்தி காய்ஞ்சா எனாமல் இளகி கண்ணாடியில ஒட்டும், அப்புறம் பிரிச்சா கண்ணாடிச் சில்லையும் சேர்த்து எடுத்துக்கிட்டு வரும்.

நம்ம வீட்டுச் சாமான்ல எது வரும் எது வராதுன்னு சொல்லிடறேன். உருண்டை அடி வாணலி, வெண்கலப் பானை, ஆப்பச்சட்டி, தாளிக்கற குழிக்கரண்டி, இதெல்லாம் வராது. குழிப்பணியாரக்கல்லும் வராது, கீழ ஏழு மொட்டு மட்டும் கண்ணாடிய தொடும், பணியாரம் அடி மட்டும் கறுத்து பக்கம் வெள்ளையா இருக்கும், அடிப்பக்கம் சமமா தட்டு வச்ச மாதிரி பணியாரக்கல் இப்ப கிடைக்குது, அத வாங்கிக்கலாம். மண்சட்டி சூட்ட கடத்தாது, அடியில மணல் மாதிரி சொரசொரப்பு வேற, மீன்குழம்ப வேற பாத்திரத்துல வச்சிட்டு மண்சட்டிக்கு மாத்திக்கோங்க. ஈயச்சொம்பப் பத்தி தனியா சொல்லணும். இந்த ஈயம்ங்கறது வெள்ளீயம், அதாவது டின், அது 232 டிகிரில உருகிடும். கேஸ்ல ரசம் உள்ள இருக்கற வரைக்கும் தப்பிக்கும், பொங்கினதும் அணைச்சா தீ போயிடும். இங்க அணைச்ச பிறகும் கண்ணாடி அதவிட அதிகச் சூட்டுல கொஞ்ச நேரம் இருக்கும். பாட்டி கொடுத்த ஈயச்சொம்ப இந்தக் கண்ணாடி மேல வைக்காதீங்க, ரசத்த எவர்சில்வர்ல கொதிக்க வச்சு கடைசியா ஈயச்சொம்புல ஊத்தி மூடி வச்சா அந்த வாசனை ஓரளவு வருது, நான் அப்படித்தான் பண்றேன்.

குக்கர் வாங்கும்போது இண்டக்ஷன் பேஸ்னு போட்டிருக்கறத வாங்குங்க. செராமிக்குக்கு காந்தம் தேவையில்லதான், ஆனா இண்டக்ஷனுக்குன்னு பண்ணும்போது அடிய தட்டையா பண்றாங்க, அதுதான் நமக்கு வேணும். நாளைக்கு வீடு மாறி இண்டக்ஷன் அடுப்பு வந்தாலும் அதே பாத்திரம் ஓடும்.

சமைக்கறதுல பழகிக்க வேண்டியது, சூடு ஏறவும் நேரம் ஆகும், இறங்கவும் நேரம் ஆகும்ங்கறது. பால் பொங்கும்போது கேஸ்ல கைப்பிடிய திருப்பினா பால் அடங்கும். இங்க பட்டன அணைச்சிட்டு நின்னா பால் உங்க கண்ணு முன்னாடியே பொங்கி வழியும். பாத்திரத்தத் தூக்கிப் பக்கத்துல இருக்கற ஆறின வட்டத்துல வைக்கணும், அதுதான் இங்க "அணைக்கறது". தாளிக்கும்போதும் அதேதான், கடுகு வெடிச்சதும் கறிவேப்பில போட்டு உடனே பாத்திரத்த நகர்த்திடணும், இல்லன்னா உளுந்து கறுத்துடும். தாளிக்க தட்டை அடி இருக்கற சின்ன ஃப்ரையிங் பேன் ஒண்ணு வச்சுக்கோங்க, ஆறு இல்ல ஏழுல போதும், ஒன்பது வேண்டாம். ஒன்பதுங்கறது தண்ணி கொதிக்க வைக்கத்தான். தண்ணிக்குமே கெட்டில்ல கொதிக்க வச்சு ஊத்தினா இன்னும் சீக்கிரம் ஆகும்.

குக்கர்ல பருப்பு வைக்கும்போது நான் எட்டுல வச்சு முதல் விசில் வந்ததும் மூணுக்கு இறக்குவேன். இறக்கின பிறகும் பழைய சூட்டுல ரெண்டாவது விசில் தானா வரும், அத கணக்குல சேர்த்துக்கோங்க, இல்லன்னா சாம்பாருக்கு வச்ச பருப்பு கூழாயிடும். இந்த மிச்சச் சூடு தொல்லை மாதிரி தெரிஞ்சாலும் பழகிட்டா பெரிய உபகாரம். சோறு முக்கா பதம் வந்ததும் அணைச்சு மூடி வச்சா பத்து நிமிஷத்துல தானா அடங்கி பொலபொலன்னு வரும், கூட்டுக்கு தேங்கா அரைச்சு ஊத்தினதும் அணைச்சிடலாம், அந்தச் சூட்டுலயே ஒரு கொதி வரும். அணைச்ச பிறகு டிஸ்பிளேல எச்னு ஒரு எழுத்து நிக்கும், சிலதுல சிவப்பு விளக்கு, கண்ணாடி இன்னும் சுடும்னு சொல்றது அது. ஒளி போயிட்டா கண்ணாடி கறுப்பா ஆறின மாதிரிதான் தெரியும், கைய வச்சிடாதீங்க, குழந்தைங்க இருக்கற வீட்டுல பூட்டு பட்டன போட்டு வச்சுக்கோங்க.

சுட்ட அப்பளம், தீயில உப்பற ஃபுல்கா, சுட்ட கத்திரிக்கா இந்த அடுப்புல கிடையாது. கத்திரிக்காய ஓவன்ல கிரில் போட்டு எடுக்கலாம், நல்லாவே வரும். அப்பளத்த மைக்ரோவேவ்ல வைக்கலாம்.

தோசைக்கு வருவோம், எல்லாரும் கேக்கறது இததான். இரும்புக் கல்லு தாராளமா வைக்கலாம், அடி தட்டையா இருக்கணும், சப்பாத்திக்கு வர்ற குழிவான தவா இல்ல. கல்லோட அடியில வார்ப்புப் பிசிறு இருந்தா உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ச்சிடுங்க, இல்லன்னா கண்ணாடி கீறும். 28 சென்டிமீட்டர் கல்ல 21 வட்டத்துல வைக்கறோம்னா நடு சூடா, ஓரம் சொதப்பலா இருக்கும், இரும்பு சூட்ட அவ்வளவு வேகமா பரப்பாது. அதுக்கு ஒரே வழி பொறுமை. அஞ்சுல வச்சு பத்து நிமிஷம் விடுங்க, ஒரேயடியா ஒன்பதுல வச்சா நடு மட்டும் விரிஞ்சு கல்லு வளைஞ்சுபோகவும் வாய்ப்பிருக்கு. பத்து நிமிஷம் கழிச்சு தண்ணி தெளிச்சுப் பாருங்க, நடுவுலயும் ஓரத்துலயும் துளி ஒரே மாதிரி உருண்டு ஓடணும். அப்புறம் ஆறரைக்கு ஏத்தி, வெங்காயத்த பாதியா நறுக்கி எண்ணெயில தொட்டு தேய்ச்சு, முதல் தோசைய ஊத்துங்க. ரெண்டாவது தோசை ஊத்தும்போது சூடு ஏறிட்டே போகும், நம்பர குறைச்சா இறங்க நேரமாகும், அதனால கல்ல அரை நிமிஷம் தூக்கிப் பிடிச்சு, இல்லன்னா பக்கத்து வட்டத்துல வச்சு, தண்ணி தெளிச்சு துடைச்சிட்டு ஊத்துங்க. நாலாவது தோசைக்கு மேல கல்லும் அடுப்பும் ஒரு நிதானத்துக்கு வந்திடும், அப்புறம் நிக்காம சுடலாம். கல்ல எடுக்கும்போதும் வைக்கும்போதும் தூக்கித்தான் வைக்கணும், இழுக்கக் கூடாது. அடியில ஒட்டியிருக்கற ஒரு உப்புக்கல்லு, கீரை கழுவின மணல் ஒண்ணு, இது போதும் ஒரு முழக் கோடு விழ.

கீறலவிட மோசம் சர்க்கரை. ஒரு பொங்கலுக்கு வெல்லப்பாகு பொங்கி ரெண்டு கரண்டி அளவு கண்ணாடியில வழிஞ்சது. பூஜை வேலையில அப்புறம் துடைச்சுக்கலாம்னு அடுப்ப அணைச்சிட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா பாகு கண்ணாடி மாதிரி இறுகி ஒட்டியிருக்கு, பேத்தா ஒரு ஓரத்துல நகம் அளவுக்கு கண்ணாடியே செதில் செதிலா பேந்து வந்துச்சு. விரல வச்சுத் தடவினா பிறை மாதிரி ஒரு குழி. வீடு காலி பண்ணும்போது அந்தப் பிறைக்கு டெபாசிட்ல கழிச்சுக்கிட்டாங்க. பாகு ஆறும்போது சுருங்கும், இந்தக் கண்ணாடி சுருங்கவே சுருங்காது, ஒட்டினது சுருங்கறப்போ மேல்தோல இழுத்துப் பேக்குது. எந்தக் குணத்துனால இது சூட்டுல உடையாம இருக்கோ அதே குணம்தான் சர்க்கரைகிட்ட தோத்துப்போகுது. அதனால சர்க்கரை, வெல்லம், ஜாம், பழரசம், பிளாஸ்டிக் கவர், இதுல எது விழுந்தாலும் சூடா இருக்கும்போதே எடுத்தாகணும். பாத்திரத்த நகர்த்தி, நம்பர ரெண்டு மூணுக்கு குறைச்சு, கையில கிளவுஸ் போட்டு, பிளேடு ஸ்கிரேப்பர் வச்சு ஆறின பக்கத்துக்குத் தள்ளித் தள்ளி முழுசா வழிச்சிட்டு அப்புறம்தான் அணைக்கணும். இனிப்பு பண்ற அன்னைக்கு ஸ்கிரேப்பர கைக்கு எட்டற இடத்துல வச்சிட்டே ஆரம்பிங்க.

மத்த கறையெல்லாம் அடுப்பு ஆறினப்புறம்தான். ஸ்கிரேப்பர நட்டுக்குத்தா பிடிக்காம படுக்கவச்ச மாதிரி சாய்ச்சு தள்ளினா சோத்துக் கஞ்சி காய்ஞ்சது, சாம்பார் கருகினது எல்லாம் தோல் உரியற மாதிரி வந்திடும். உப்புத்தண்ணி காய்ஞ்ச வெள்ளைத் தடத்துக்கு வினிகர் தொட்டு துடைச்சா போதும். பச்சை ஸ்க்ரப்பர், கம்பி நார், சபீனா மாதிரி தேய்க்கற பொடி, மூணும் கூடாது.

போன வருஷம் அம்மா இங்க வர்றதா இருந்துச்சு. பெட்டிக்கு 23 கிலோதான், அதுல எந்தப் பாத்திரம் கொண்டு வரட்டும்னு கேட்டாங்க. வீடியோ கால் போட்டு, பரண்ல இருந்து ஒவ்வொண்ணா இறக்கச் சொன்னேன். தங்கச்சி பையனோட ஸ்கேல வாங்கி கவுத்த பாத்திரத்து மேல வச்சுக் காட்டச் சொன்னேன். நான் ஆசையா நெனச்சிட்டிருந்த பழைய அலுமினிய இட்லி குண்டான் முதல்ல வந்துச்சு. அம்மா ஸ்கேல வச்சாங்க, ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் தூக்குது. "ஏண்டி, இது ஊஞ்சல் ஆடுதே"ன்னாங்க. அது வேணாம்மான்னேன். அடுத்து அத்தை கல்யாணத்துல கொடுத்த சின்ன இரும்புக் கல்லு, யாரும் தொடாம கிடந்தது. ஸ்கேல் அசையல. குறுக்க திருப்பி வச்சாங்க, அப்பவும் அசையல. "இத எடுத்து வைம்மா"ன்னேன், ரெண்டரை கிலோ இருந்துச்சு, அதுக்காக பெட்டியில இருந்து ஊறுகா பாட்டில் ரெண்ட வெளிய எடுத்து வச்சிட்டு வந்தாங்க. இப்ப வாரத்துல மூணு நாள் அதுலதான் தோசை.